பூட்டிய பீரோவின் பொறுப்பாளருக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

பெறுநர்: பதிவு அலுவலர் அவர்கள் (மத்திய அரசின் எந்த அலுவலகமானாலும் சரி)
பொருள்: பழைய பிளாப்பி, சிடி வகையறா – பத்திரமாக இருத்தல் – பாராட்டுத் தெரிவித்தல் – தொடர்பாக.
பார்வை: பொது ஆவணங்கள் சட்டம், 1993.

ஐயா / அம்மையீர்,

தங்கள் பீரோவில் உள்ள பிளாப்பிகளை இத்தனை ஆண்டுகளில் யாரும் திருடவில்லை, எலி கடிக்கவில்லை, ஆடிட்டில் ஒன்றுகூடக் குறையவில்லை. இருப்புப் பதிவேட்டில் ஆண்டுதோறும் அதே எண்ணிக்கை, பக்கத்தில் சரிபார்த்தவரின் சுருக்கொப்பம். இதற்கு முதலில் என் வணக்கம். சிறு சந்தேகம் ஒன்றுதான். பதிவேட்டில் ஏறியிருப்பது பிளாப்பி. சட்டம் காக்கச் சொன்னதோ ஆவணம். கோப்பு, சுவடி, மைக்ரோஃபிலிம் ஆகியவற்றோடு கணினியில் உருவானதையும் பொது ஆவணம் என்றே 1993-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவற்றை ஒழுங்குபடுத்திப் பேணும் பொறுப்பைத் தங்கள் தலையில் வைக்கிறது. தாங்கள் அதை நாற்காலி, மின்விசிறி வரிசையில் சேர்த்துவிட்டீர்கள். நாற்காலியை எண்ணினால் போதும். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாமல் பிளாப்பியை எண்ணிக்கொண்டிருப்பது, உப்புப் போடாத மாங்காயை ஜாடியில் மூடி ‘ஊறுகாய்’ என்று சீட்டு ஒட்டுகிற காரியம்.

பிளாப்பி என்பது காந்தத்துகள் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் வட்டு. காந்தப் பதிவு நாளடைவில் மங்கும். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கும். பூஞ்சை பிடித்த வட்டை அப்படியே டிரைவில் செருகினால் படிக்கும் முனை அதைச் சுரண்டும். அந்த அழுக்கு அடுத்துச் செருகும் நல்ல வட்டையும் கெடுக்கும். வட்டு தப்பினாலும் டிரைவுக்கு எங்கே போவது? 1998-ல் வந்த ஐமேக் கணினியிலேயே பிளாப்பி டிரைவ் கிடையாது. சோனி நிறுவனம் 2011-ல் பிளாப்பி விற்பதையே நிறுத்திக்கொண்டது. டிரைவும் கிடைத்தது என்று வையுங்கள், தமிழ்க் கடிதமானால் இன்னொரு கண்டம் காத்திருக்கிறது. அன்றைய டிடிபி மென்பொருள்கள் ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்திருந்தன. தமிழக அரசே 1999-ல் டாம், டாப் என்றும் 2010-ல் யூனிகோடு என்றும் தரம் அறிவித்தது. உரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், அமைச்சகத்துக்கு எழுதிய பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த உளறலாகத் திரையில் நிற்கும். எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. பெயர் தெரிந்தவர் அதைத் தட்டச்சு செய்தவர். அவருக்குப் பிரிவு உபசார விழா நடத்தி, சால்வை போர்த்தி அனுப்பியது தாங்கள்தான். எழுத்துரு எதுவென்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. இங்கிலாந்தில் 1086-ல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலப் பதிவேட்டை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கலாம். அதன் 900-ஆவது ஆண்டுக்காக 1986-ல் பிபிசி தயாரித்த லேசர் வட்டு, பதினைந்து ஆண்டுகளிலேயே படிப்பாரற்றுப் போகும் நிலைக்கு வந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள் எழுதித்தான் அதை மீட்டார்கள். அந்த வட்டையும் யாரும் தொலைக்கவில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள்.

ஜப்பான் அரசே 2024 வரை பிளாப்பியை விடவில்லையே என்று தாங்கள் கேட்கலாம். உண்மைதான், பிளாப்பியில் விண்ணப்பம் தரச் சொன்ன ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகளை அந்த ஆண்டில்தான் ஒழித்தார்கள். ஆனால் அங்கே பிளாப்பி புழக்கத்தில் இருந்தது. புழங்கும் பொருளுக்கு டிரைவ் இருக்கும், ஆளும் இருப்பார். தங்கள் பிளாப்பி ஓய்வில் இருக்கிறது. ‘எல்லாவற்றுக்கும் காகித நகல் உண்டு’ என்பது இதைவிட வலுவான வாதம். கையெழுத்தான கடிதங்களுக்கு உண்டு என்றே ஒப்புக்கொள்வோம். அட்டவணைகளுக்கும் டிபேஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஏற்றிய பெயர்ப் பட்டியல்களுக்கும் உண்டா? இருந்தால் ஒப்பிட்டுப் பார்த்து, விதிப்படி கழித்துவிடுங்கள். நானே வந்து கைதட்டுகிறேன். ஒப்பிடாமல் உண்டு என்று சொல்வதுதான் வம்பு. நிதி இல்லை என்பீர்கள். ஆயிரம் பிளாப்பிகளில் உள்ளதெல்லாம் சேர்ந்தாலும் ஒன்றரை ஜிபியைத் தாண்டாது. சட்டைப்பையில் கிடக்கும் பென்டிரைவில் ஒரு மூலைக்குக் காணாது. மூன்றரை அங்குல வட்டுக்கு யுஎஸ்பி டிரைவ் போதும். ஐந்தேகால் அங்குல வட்டுக்குத்தான் தனிக் கருவியும் தெரிந்த ஆளும் தேவை.

முதல் வேலைக்கு அந்தச் செலவும் இல்லை, ஒரு நோட்டும் கேமராவும் போதும். ஒவ்வொரு வட்டுக்கும் எண் கொடுத்து, மேலே ஒட்டிய சீட்டைப் படமெடுத்து, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, என்ன மென்பொருள், என்ன எழுத்துரு என்று எழுதச் சொல்லுங்கள். டாஸ் இயங்குதளக் காலத்துக் கோப்புப் பெயருக்கு எட்டெழுத்துதான் வரம்பு. ‘லெட்டர்1’ என்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சீட்டுதான் பல வட்டுகளுக்கு ஒரே சாட்சி, பசை காய்ந்து அதுவும் உதிர்ந்துகொண்டிருக்கும். பிறகு பூஞ்சையும் கீறலும் இல்லாதவற்றை மட்டும், மூன்றரை அங்குல வட்டானால் எழுதுவதைத் தடுக்கும் துளையைத் திறந்து வைத்து, வட்டு முழுவதையும் அப்படியே பிரதி எடுக்க வேண்டும். பிரதி பிசகவில்லை என்பதற்குச் சரிபார்ப்பு எண், வெவ்வேறு கட்டடங்களில் இரண்டு படிகள். கெட்ட வட்டை ‘இன்னொரு தடவை பார்ப்போமே’ என்று செருகிக்கொண்டிருக்காமல் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். எல்லாவற்றையும் பட்டியலின்றி மேகக் கணினியில் ஏற்றிவிட்டால் முடிந்தது என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது பீரோவை மாடிக்கு மாற்றுவதற்கு மேல் ஒன்றுமில்லை.

பொது ஆவணத்தை உரிய நடைமுறையின்றி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். பீரோவைத் திறக்காமலே இருந்து அழியவிட்டால் என்ன என்று அதில் எழுதவில்லை. அந்தச் சலுகையைத் தாங்கள் போதிய காலம் அனுபவித்தாயிற்று. வரும் இருப்புச் சரிபார்ப்பில், ‘எண்ணிக்கை’ என்ற பத்திக்குப் பக்கத்தில் ‘படிக்க முடிகிறதா?’ என்று இன்னொரு பத்திக்குக் கோடு போட்டு, அதற்கும் சுருக்கொப்பம் வாங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு குடிமகன்