கல்லுக்கு வேலி

பௌர்ணமிக்குத் திருவக்கரை போனால், வக்கிரகாளியைக் கும்பிட்ட கையோடு கல்மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் திண்டிவனம் பஸ் ஏற வேண்டும் என்பது எங்கள் ஆயா போட்ட சட்டம். பார்ப்பது என்றால் ஏறி உட்காருவது. புளிச்சோற்றுத் தூக்கை அதன்மேல் வைத்துத்தான் திறப்போம். பெருமாள் கொன்றுபோட்ட வக்கிராசுரனின் எலும்பு அது என்பாள் ஆயா. அசுரன் எலும்பில் சம்மணம் போட்டு ஊறுகாய் நக்கிய பரம்பரை எங்களுடையது.

இன்று அது தேசியக் கல்மரப் பூங்கா. வேலி, கேட், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பலகை. சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781-லேயே இதைக் குறித்து வைத்தாராம். சுமார் 2 கோடி ஆண்டுக்கு முன் பெருவெள்ளம் உருட்டி வந்து மணலில் புதைத்த மரங்கள். சிலிக்கா மெல்ல உள்ளே ஊறி, மரத்தைக் கல்லாக்கிவிட்டது. கிளை இல்லை, இலை இல்லை, வேர் பிடிப்பும் இல்லை. புளியமரத்துக்கு உறவுக்காரர்களும் இதில் உண்டு. அப்படியானால் புளிச்சோறு வைத்தது ஒருவகையில் படையல்தான்.

குனிந்து பார்த்தேன். வளையம் வளையமாக ரேகை, கிளை முறிந்த இடத்தில் கணு. விரலை நீட்டினேன்.

"தொடாதீங்க சார்."

காவலர் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துக் குவாரியில் வெடி. காலடி அதிர்ந்தது.

"அது தினம் போடறதுதான் சார்."

சின்ன வயதில் அந்தப் பக்கம் ஆடு மேய்ந்த பாறைமேடுகள் இருந்தன. இப்போது பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள், கிரஷர், எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள். இதில் வேடிக்கை, உடைபடும் பாறைக்கு வயது நூறு கோடி ஆண்டுக்கும் மேல். கல்மரமெல்லாம் அதற்குப் பேரப்பிள்ளை. பேரனுக்கு வேலி, பாட்டனுக்கு வெடி. விழுப்புரம் பக்கம் நாற்கரச் சாலையில் வழுக்கிக்கொண்டு போகும்போது டயருக்கடியில் எந்த ஊர்ப் பாட்டன் கிடக்கிறார் என்று யார் கேட்கப்போகிறார்கள்? நானும் கேட்டதில்லை, ஏசி காரில் கேட்காது.

கல்லுக்கு மட்டுமில்லை, எந்திரத்துக்கும் இப்படிப் பாதுகாப்பு கிடைப்பதுண்டு. மலேசியாவில் தஞ்சோங் துவாலாங் பக்கம், 1938-இல் கட்டிய ஈயச் சுரங்கத் தூர்வாரிக் கப்பல் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 4,500 டன் இரும்பு. 1982-இல் வேலை நின்றது. இப்போது டிக்கெட் வாங்கிச் சுற்றிப் பார்க்கலாம். தோண்டிய வரை தோண்டிவிட்டு, தோண்டிய எந்திரத்துக்கு மாலை மரியாதை. எங்கள் கிரஷர்களுக்கும் அந்த யோகம் வராமலா போகும்? கண்ணாடிப் பெட்டியில் முக்கால் ஜல்லி நாலு, பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு காவலர், பெரியவர்களுக்கு இருபது ரூபாய்.