திரை ஒப்பனையும் ரேம் செலவும்: பரபக்கமும் சுபக்கமும்

கணினித் திரையை அலங்கரிக்கும் மென்பொருள்கள் தாம் தின்னும் ரேமுக்குத் தகுந்தவைதானா என்பதே இவ்வாராய்ச்சியின் பொருள். உலகில் இதைவிட அவசரமான கேள்விகள் உண்டே எனின், உண்டு. அவற்றுக்கெல்லாம் துறையும் பேராசிரியர்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இந்தக் கேள்விதான் நாதியற்றுக் கிடக்கிறது.

ஒப்பனை மென்பொருள் என்பது என்னையெனின், நீக்கினாலும் எந்த வேலையும் நிற்காதது, நீக்கியவன் முகம் மட்டும் வாடுவது என்க. வால்பேப்பர், தீம், ஓரத்தில் ஒட்டிவைக்கும் கடிகாரம், மழை பெய்துகொண்டே இருக்கும் அசையும் பின்னணி, கர்சரைத் துரத்தி அலுத்துப்போய்த் தூங்கிவிடும் ஜப்பானியப் பூனை நேகோ, எல்லாம் இதில் அடங்கும். ஸ்கிரீன்சேவர் அடங்காது. ஆள் எழுந்துபோன பிறகு வரும் அழகை ஆளின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

முதலில் பரபக்கம், அதாவது எதிர்த்தரப்பு. "சிஸ்டம் ஸ்லோவா இருக்கா? அந்தப் படத்தை முதல்ல தூக்குங்க சார்" என்பது சர்வீஸுக்கு வரும் தம்பிகளின் மதம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இதற்கு வரலாற்று ஆதாரம் இருக்கிறது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95, 4 எம்பி ரேமில் ஓடும் என்றது மைக்ரோசாஃப்ட். கூடவே தனி விலைக்கு வந்த பிளஸ் என்ற அலங்காரத் தொகுப்போ 8 எம்பி கேட்டது. லியோனார்டோ டா வின்சி தீம் முதலான அழகெல்லாம் அதற்குள்தான். மாப்பிள்ளைக்கு நாலு முழம், அவர் அங்கவஸ்திரத்துக்கு எட்டு முழம் என்ற கதை. 640க்கு 480 புள்ளிகள், 256 நிறங்கள் என்ற அக்காலத் திரையில் ஒரு முழுப்படம் ஏறத்தாழ 300 கேபி. 4 எம்பியில் அது பதினான்கில் ஒரு பங்கு. அன்று படத்தைத் தூக்கச் சொன்னவர் அறிவாளி.

இனி சுபக்கம், அதாவது நம் தரப்பு. சிக்கல் என்னவென்றால், கணக்கு மாறியது, வாய்ப்பாடு மாறவில்லை. இன்றைய 1920க்கு 1080 திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் பெருக்கினால் 82,94,400 பைட் வரும். சுமார் 8 எம்பி. வட்டில் அந்தப் படம் ஜேபெக் சுருக்கத்தில் ஒல்லியாகக் கிடந்தாலும் நினைவகத்தில் விரியும்போது இந்த அளவுக்கு வந்துவிடும். 8 ஜிபி ரேமில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு. படத்தைத் தூக்கச் சொல்லும் அதே தம்பியின் பிரவுசரில் இருபது டேப் திறந்திருக்கும். இன்றைய பிரவுசர்கள் பாதுகாப்புக்காகப் பக்கங்களைத் தனித்தனிப் பிராசஸாகப் பிரித்து ஓட்டுகின்றன. அதில் கனத்த பக்கம் ஒன்று தனியாகவே சில நூறு எம்பி வாங்கிக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால் உச்சியில் நிற்பது யார் என்று தெரியும். அலங்காரத்தைக் காணக் கீழே நெடுந்தூரம் இறங்க வேண்டும்.

ஆயின் எல்லா ஒப்பனையும் குற்றமற்றதா எனின், அற்றன்று. அசையாத படம் ஒருமுறை வாங்கியதோடு சும்மா இருக்கும். அசைவது சும்மா இராது. ரெயின்மீட்டர் போன்றவற்றில் ஒரு ஸ்கின் வழக்கமாக வினாடிக்கு ஒருமுறை விழித்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அங்கே செலவாவது ரேம் அல்ல, பிராசஸரின் தூக்கம். லேப்டாப்பில் அது பேட்டரியாகக் கரையும். எதிர்க்கட்சியினர் வழக்குப் போட வேண்டிய இடம் இதுதான். அவர்களோ ரேமையே பிடித்துத் தொங்குகிறார்கள்.

இதற்குள் ஒரு நுட்பமான உட்பிரிவு உண்டு. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவின் வலப்பக்க ஓரத்தில் கேஜெட் என்ற சிறு கருவிகளை வைக்க முடிந்தது. அவற்றுள் ஒன்று இரட்டை மீட்டர். ஒரு முள் பிராசஸர் உழைப்பைக் காட்டியது, மற்றொன்று ரேம் செலவைக் காட்டியது. ரேம் எவ்வளவு செலவாகிறது என்று காட்டவே அது கொஞ்சம் ரேம் எடுத்துக்கொண்டது. வரவு செலவு எழுத வைத்த கணக்கப்பிள்ளைக்கும் சம்பளம் உண்டல்லவா? பலர் அந்த முள் ஆடுவதை வேடிக்கை பார்த்தே பிற்பகலைக் கழித்தனர். 2012 ஜூலையில், கேஜெட்டுகள் வழியாக வேண்டாதவர்கள் உள்ளே புக வாய்ப்புண்டு என்று மைக்ரோசாஃப்டே எச்சரித்து, அவற்றை முடக்கும் வழியையும் தந்தது. ரேம் தின்றதாக அவற்றின் மீது சொல்லப்பட்ட குற்றம் கடைசிவரை நிரூபணமாகவில்லை. தூக்கு விழுந்தது வேறு வழக்கில்.

இனி, ஒப்பனைக்கு எதிரியென்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் கூட்டம். ரேமைச் சுத்தம் செய்வதாக விளம்பரப்படுத்தப்படும் மென்பொருள்கள் கோபுரந்தாங்கிப் பொம்மைகள். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் கையிலிருப்பதைப் பிடுங்கி வெளியே தள்ளிவிட்டு, "இவ்வளவு ஜிபி மிச்சம்" என்று பச்சை எழுத்தில் காட்டும். அடுத்த நிமிடமே அந்த நிரல்கள் வட்டுவரை போய் அதே சாமான்களைத் திரும்பத் தூக்கிவரும். விண்டோஸோ விஸ்டா காலத்திலிருந்தே காலியாகக் கிடக்கும் ரேமில் நாம் அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே கொண்டுவந்து வைக்கிறது. சும்மா கிடக்கும் ரேம் யாருக்கும் வட்டி தருவதில்லை. சிஸ்டம் ஆன் ஆனதும் வெறும் திரையில் வலது கிளிக் செய்து ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று ஜபிக்கிறோமே, அதையும் இங்கேயே சேர்க்கலாம். அது ஐகான்களை மறுபடி வரைவதற்கு மேல் ஒன்றும் செய்யாது. எனினும் காசு கேட்பதில்லை, விளம்பரம் காட்டுவதில்லை. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமென்றால் நான் ஜபத்தின் பக்கம்.

உண்மையான ஆட்சேபம் ஒன்றுண்டு. அதை எதிர்க்கட்சி கவனிக்கவே இல்லை. அலங்கரித்தவன் தன் அலங்காரத்தைப் பார்ப்பதே இல்லை. வேலை நடக்கும்போது எக்செலோ பிரவுசரோ திரையை முழுக்க மூடிக்கிடக்கிறது. அசையும் பின்னணிகளுக்குப் பேர்போன வால்பேப்பர் எஞ்சினில், வேறொரு மென்பொருள் முழுத்திரையில் ஓடும்போது தன்னை நிறுத்திவைக்கும் ஏற்பாடே உண்டு. யாரும் பார்க்கவில்லை என்பது அலங்காரத்துக்கே தெரிந்திருக்கிறது! அப்படியானால் பயனடைபவர் யார்? காலையில் ஆன் ஆகும் சில நொடிகளில் உரிமையாளரும், மற்ற நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரும். அந்தச் சில நொடிக்கு 8 எம்பி போதுமான விலை, தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் துணிபு. அசையும் மழைக்கு மட்டும் சார்ஜர் செருகியிருக்கும் வேளையில் அனுமதி.

எஞ்சி நிற்பது சாமி பட வழக்கு. நம்மூர்க் கணக்கு அலுவலகங்களில் வால்பேப்பராக இருப்பவர் பெரும்பாலும் முருகன், பிள்ளையார் அல்லது பெருமாள். நினைவகத்தைப் பொறுத்தவரை முருகனும் 8 எம்பி, விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த அந்தப் பச்சைக் குன்றும் அதே திரையில் 8 எம்பி. தெய்வத்துக்குச் சலுகையும் இல்லை, கூடுதலும் இல்லை. ஆனால் ஐகான் வைக்கும் முறையில் ஓர் எழுதப்படாத ஆகமம் இருக்கிறது. முகத்தின் மேல் எதுவும் வரக்கூடாது. டேலி வேலுக்குப் பக்கத்தில் இருக்கலாம். ரீசைக்கிள் பின் திருவடிக்கு அருகிலும் ஆகாது, எதிர்மூலைக்குத்தான் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த பையன் தெரியாமல் ஆட்டோ அரேஞ்சை அழுத்திவிட்டால் அத்தனையும் இடப்பக்கமாக ஓடி வரிசை கட்டி, மயிலையும் முகத்தையும் மறைத்துவிடும். பரிகாரம் எளிது: வெறும் இடத்தில் வலது கிளிக், வியூ, அந்த டிக்கை எடுப்பது, பிறகு ஒவ்வொன்றாக இழுத்துப் பழைய இடத்தில் விடுவது. அதற்கு மேல் சூடம் ஏற்றியே தீருவேன் என்று கணக்குப் பார்க்கும் அக்கா சொன்னால் ஆராய்ச்சியில் தடையில்லை. மானிட்டரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் காட்டச் சொல்லவும்.