ஆட்டோ முதுகிலக்கியம்: ஓர் ஆய்வு முன்னுரை

வாழ்க்கை, காதல், மனித மனம் ஆகிய மூன்றையும் பற்றித் தமிழர் அன்றாடம் வாசிக்கும் நூல் எது என்று கேட்டால், திருக்குறள் என்று சொல்லிவிடுவது புலவர் வழக்கம். அரசுப் பேருந்தில் குறள் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் அந்தப் பேருந்து சிக்னலில் நிற்கும்போது ஓட்டுநர் எதை வாசிக்கிறார்? முன்னால் நிற்கும் ஆட்டோவின் முதுகை. விளக்கு பச்சையாகும் வரை வேறு வேலை இல்லாத வாசகர் கூட்டம் எந்தப் பதிப்பகத்துக்கும் வாய்க்காத ஒன்று. அப்படிப்பட்ட இலக்கியத்துக்கு உரிய மரியாதை கிட்டவில்லை என்னும் மனக்குறையே இவ்வாய்வின் தோற்றுவாய்.

முதலில் நூல் அமைப்பு. முன்கண்ணாடியின் நெற்றியில் வருவது கடவுள் வாழ்த்து: முருகன் துணை, இயேசு ஜீவிக்கிறார், 786. அதையொட்டி ஓட்டுநரின் பிள்ளைகள் பெயர்கள். மரபுப்படி இதை அவையடக்கம் எனல் வேண்டும்; ஆனால் அடக்கம் எதுவும் தென்படவில்லை. பின்புறம் கீழ் மூலையில், பொடி எழுத்தில், ஏதோ ஒரு 'ஆர்ட்ஸ்' பெயரும் கைபேசி எண்ணும் இருக்கும். பாடியவர் பெயர் தெரியாத எத்தனையோ பாட்டு நம்மிடம் உண்டு. பாடியவர் தெரியாமல் எழுதியவரின் கைபேசி எண் மட்டும் தெரியும் இலக்கியம் இது ஒன்றே.

இனி, திணை. அகத்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. பெயரும் ஊரும் புகழும் புறத்துக்கு உரியவை. ஆட்டோ இதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டது. ஓட்டுநரின் பெயர், படம், உரிம எண், காவல்துறை உதவி எண் எல்லாம் இருக்கைக்குப் பின்னால், பயணியின் கண்ணெதிரே, அகத்தில். காதலும் ஏமாற்றமும் துரோகமும் பெயர் சுட்டாமல் வெளியே, புறத்தில். அகத்தில் இன்னொரு பனுவலும் உண்டு: மீட்டர். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்பால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று 2013-இல் அரசு சென்னைக்கு வகுத்த யாப்பு அது. வண்டியில் உள்ளவற்றுள் மிகக் குறைவாக வாசிக்கப்பட்ட பனுவல் அதுவே என்பது எம் துணிபு.

புறத்தில் எழுதப்பட்டவற்றின் தலையாய இலக்கணம் ஒன்று உண்டு. ஓட்டும்போது அவற்றை வாசிக்க முடியாத ஒரே ஆள் ஓட்டுநர். பொறாமை கூடாது, பொறுமை வேண்டும், பணம் நிலையற்றது என்பதெல்லாம் பின்னால் வருகிறவனுக்குச் சொல்லப்பட்டவை. முன்னால் ஹாரன் அடிப்பவருக்கு அவற்றால் எந்த இடையூறும் இல்லை. அறவுரை சொல்லும் மற்றோர் எல்லாம் இந்த வசதியை வாயாலேயே செய்துகொள்கிறார்கள். ஆட்டோ ஒன்றுதான் அதை வண்டியின் கட்டமைப்பிலேயே செய்து வைத்திருக்கிறது.

பனுவல்களுள் பழுத்த முரண்பாடு கொண்டவை மூன்று. ஒன்று, பாம்பைக்கூட நம்பலாம், சிரிக்கிற பெண்ணை நம்பாதே என்னும் எச்சரிக்கை. இரண்டு, 'பெண்ணின் திருமண வயது 21'. மூன்று, 'பிரசவத்திற்கு இலவசம்'. மூன்றும் ஒரே வண்டியில் வரக் கண்டு, வெவ்வேறு காலத்து இடைச்செருகல் என்று ஒதுக்குவோர் உளர். அது பிழை. வரிசையாக வாசித்தால் மூன்றும் ஒரே காப்பியத்தின் மூன்று காண்டங்கள் என்பது விளங்கும். முதற்காண்டத்தில் அவள் சிரிக்கிறாள், இவன் நம்புவதில்லை. இரண்டாவதில் அவளுக்கு 21 ஆகும்வரை காத்திருக்கிறான். மூன்றாவதில் நடு இரவில் வண்டியை விரட்டிக்கொண்டு போகிறான், காசும் வாங்காமல். இடைப்பட்ட காலத்தில் நம்பிக்கை எப்படிப் பிறந்தது என்பதைக் கவி சொல்லாமல் விட்டிருப்பது நயம்.

முதற்காண்டத்துப் பாம்புக்குத் தனி உரை தேவை. சென்னையை அடுத்த வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்செடுக்கிறார்கள். பாம்போடு பரம்பரையாகப் பழகிய அவர்களே நஞ்செடுக்கும்போது அதைக் கொக்கிக் கோலால் தூக்குகிறார்கள். நம்பத்தக்க உயிரைத் தூக்கக் கோல் எதற்கு? ஆகவே வாசகத்தின் முற்பாதி அறிவியலுக்கு ஒவ்வாது. பிற்பாதி, யாரோ ஒருத்தி யாரோ ஒருவனிடம் பேசாமல் போனதன் விளைவு. அந்த நஞ்சுக்கு முறிமருந்து இல்லை. ஸ்டிக்கர் கடையில் வாசகம் மட்டுமே கிடைக்கிறது.

இரண்டாம் காண்டத்தின் தீர்க்கதரிசனம் போற்றத்தக்கது. பெண்ணுக்கு 18 என்று சட்டம் 1978-இலேயே சொல்லிவிட்டது. ஆட்டோ அதை ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக 21 என்றே சொல்லிக்கொண்டு ஓடியது. 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு அதே 21-ஐ மசோதாவாக மக்களவையில் வைத்தது. 2024-இல் அவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. நாடாளுமன்றம் பின்னாலிருந்து வந்து, வாசித்து, ஆட்டோவை முந்தப் பார்த்து, முடியாமல் நின்றுவிட்டது என்க.

இவ்விலக்கியத்தின் ஆயுளை நிர்ணயிப்பது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று. வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் அதை வாங்க வேண்டும். அதற்காகத் தகரம் தட்டி, புது மஞ்சள் அடிக்கும்போது பழைய பாடம் மறைகிறது. மறுபதிப்பில் காதல் போய்ப் பிள்ளையின் பெயர் ஏறுவதும், துரோகம் போய் 'அம்மா' ஏறுவதும் உண்டு. வண்டி கிழடாக ஆகத் திருத்திய பதிப்புகள் அடிக்கடி வருவதன் காரணம் இலக்கியம் அன்று, ஆர்.டி.ஓ. அலுவலகம்.

மூன்றாம் காண்டத்தில் ஓர் ஐயம் எஞ்சுகிறது. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் தமிழ்நாட்டில் இலவசமாக ஓடத் தொடங்கிய பின்னும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையிலேயே நடக்கும் இக்காலத்திலும், ஆட்டோ தன் வாக்கை மாற்றவில்லை. ஆனால் இலவசம் என்பது போவதற்கு மட்டுமா? தாய், சேய், மாமியார், பிளாஸ்க், வாளி சகிதம் வீடு திரும்பும் பயணம் அதில் அடங்குமா? மூலம் மௌனம் சாதிப்பதால் வாசகத்துக்கு உரியவர் ஒருவரிடமே கேட்கப்பட்டது.

"பிரசவத்திற்கு இலவசம்னு போட்டிருக்கீங்களே, திரும்பி வர்றதுக்கும் சேர்த்தா?"

"எந்த ஏரியா சார்?"

சொல்லப்பட்டது.

"அங்கேருந்து ரிட்டர்ன் சவாரி கிடைக்காது சார். மேல போட்டுக் குடுங்க."