வேட்டியைத் திருப்பித் தர திருமண நாள் எதற்கு?

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
பொருள் திரும்பப் பெறும் பிரிவு,
(அடித்தளம், லிஃப்டுக்குப் பின்புறம், அட்டைப்பெட்டிகளைத் தாண்டி இடது பக்கம்)
பெயர் சொல்லத் தேவையில்லாத ஜவுளி மாளிகை,
தியாகராய நகர், சென்னை.

பொருள்: ஒட்டாத வெல்க்ரோ வேட்டி ஒன்றைத் திருப்பித் தருவது தொடர்பாக.
பார்வை: தங்கள் படிவம், முன்பக்கமும் பின்பக்கமும்.

ஐயா,

உங்களிடம் வாங்கிய 745 ரூபாய் வெல்க்ரோ வேட்டி ஒட்டவில்லை. நிற்கும்போது ஒட்டியதுபோல் பாவனை செய்கிறது. பந்தியில் உட்காரும்போது கைவிட்டுவிடுகிறது. வேட்டியையும் பில்லையும் உங்கள் மேசையில் வைத்துப் பணத்தைக் கேட்டேன். ஒரு படிவம் தந்தார்கள். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி, பிறந்த தேதி, திருமண நாள், துணைவரின் பிறந்த நாள், குடும்பத்தில் எத்தனை பேர் என்று வரிசையாகக் கட்டங்கள். வேட்டிக்கு என்ன கோளாறு என்று எழுத, கடைசியில் அரை வரி இடம் இருந்தது.

குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நீங்கள் கேட்க மறந்தவற்றைத் தரவே எழுதுகிறேன். நட்சத்திரம் கேட்கவில்லை, எனக்கு மூலம். ஆண் மூலம் அரசாளும் என்பார்கள். இடுப்பில் வேட்டி நின்றால்தானே அரசாள முடியும்? ரத்த வகை பி பாசிட்டிவ். காலையில் காபி, சர்க்கரை குறைவாக. மாமனார் வீடு கும்பகோணம் பக்கம். அந்த முகவரியும் வேண்டுமானால், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தருகிறேன்.

வாங்கியபோதே எண்ணைக் கேட்டார்கள்தான். தர மாட்டேன் என்றேன். பில் போட்ட தம்பி முகம் சுளிக்காமல் ஒன்பதைப் பத்து முறை தட்டினார்; பில் வந்துவிட்டது. இந்தப் பத்து ஒன்பதுக்காரர்தான் உங்கள் மாளிகையின் ஆகப்பெரிய வாடிக்கையாளராக இருக்க வேண்டும். பட்டுச்சேலை, பனியன், பள்ளிச் சீருடை, பிரஷர் குக்கர் எல்லாம் அவர் கணக்கில்தான். தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் மூன்றுக்கும் துணி எடுக்கிறார். ஆடித் தள்ளுபடிச் செய்தி முதலில் அவருக்குத்தான் போகும். என்றைக்காவது தலைமை அலுவலகம் அவரைக் கூப்பிட்டு வெள்ளிக் குத்துவிளக்கு பரிசளிக்க நினைத்தால், விழாவுக்கு எனக்கும் சொல்லியனுப்புங்கள். பார்க்க வேண்டிய மனிதர்.

விற்பனைத் தளத்தில் செல்லுபடியாகும் அந்தப் பத்து ஒன்பதுகள் அடித்தளத்தில் செல்லவில்லை. பணத்தை வாங்கும்போது யாராக இருந்தாலும் சரி. பணத்தைத் தரும்போது மட்டும் இன்னார் என்று நிரூபிக்க வேண்டும். ஓடிபி வர வேண்டுமாம். "நம்பர் போடாம சிஸ்டம் போகாது சார்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. அதன்படி அவருக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தீர்கள். அதில் நிரப்பப்பட்ட படிவங்கள் உட்கார்ந்திருந்தன. அவர் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு சூப்பர்வைசர் வந்தார். முதலில் "ஜிஎஸ்டி சார்" என்றார். இந்த நாட்டில் எதையும் முடித்துவைக்க வல்ல சொல் அது. ஆனால் அன்று எனக்கு நேரம் இருந்தது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத என்னைப் போன்றவருக்கு, வரிக்குரிய மதிப்பு 50,000 ரூபாயை எட்டினால்தான் பில்லில் பெயரும் முகவரியும் கட்டாயம். இந்த வேட்டியில் எழுபதுக்கு மேல் எடுத்தால்தான் அரசாங்கத்துக்கே என் பெயர் தேவைப்படுகிறது. பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் போட வேண்டும், அதில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும் என்று உங்கள் ஆடிட்டர் சொன்னால், சரி, அந்த இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். திருமண நாளைக் கேட்கும் ஜிஎஸ்டி விதி எது என்று மட்டும் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். என் மனைவியும் தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறார். அரசாங்கமாவது அந்த நாளை நினைவில் வைத்திருக்கிறதே என்ற சந்தோஷம்.

சூப்பர்வைசர் சொன்ன இரண்டாவது காரணம் நியாயமானது. வாசல் குப்பைக்கூடையில் யாரோ போட்டுவிட்டுப் போன பில்லை ஒருவர் எடுக்கிறார். அதே பொருளை மாடியில் ரேக்கிலிருந்து உருவிக்கொண்டு அடித்தளத்துக்கு வந்து காசு கேட்கிறார். பில்லும் உண்மை, பொருளும் உண்மை, வாங்கியவர் மட்டும் பொய். முகூர்த்தத்துக்குக் கட்டிய பட்டுச்சேலையை, விலைச்சீட்டைக்கூடப் பிய்க்காமல், சாம்பார்க் கறையோடு கொண்டுவந்து "கலர் பிடிக்கல" என்பவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய ஓட்டை கவுண்டருக்கு உள்ளே இருக்கிறது. வாடிக்கையாளரே வராமல், பொருளே வராமல், யாரோ மறந்துவிட்டுப்போன பில்லை வைத்து ஊழியர் ஒருவர் ரிட்டர்ன் போட்டு, கல்லாவிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ள முடியும். சரக்கை எண்ணிப் பார்க்கும் நாளில்தான் அது தெரியவரும். இதைப் பிடிக்க ஒரு வழி, ரிட்டர்ன் போட்டவர்களில் சிலரைக் கூப்பிட்டு "நீங்கள்தான் திருப்பித் தந்தீர்களா?" என்று கேட்பது. அதற்கு எண் வேண்டும். நான் கடை வைத்திருந்தாலும் கேட்பேன். சரிபார்க்க ஒரே ஒரு முறை கூப்பிடுவோம், பிறகு அழித்துவிடுவோம் என்று மேசையில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தால் நானே பேனாவை வாங்கி எழுதியிருப்பேன்.

ஆனால் கூப்பிட்டது யார் என்று பாருங்கள். சென்ற ஆண்டு பையனின் சீருடையை மாற்ற வந்தபோது இதே படிவத்தை நிரப்பினோம். கணினித் திரை வரிசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. என் எண்ணைத் தட்டியதும், உங்களிடம் நான் எடுத்த பேன்ட்டுகளின் வரலாறு முழுவதும் வந்தது: 34, 36, 36, 38, 40. பின்னால் நின்றிருந்தவர் "காலைல கொஞ்சம் நடக்கலாம் சார்" என்று அக்கறையோடு சொன்னார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் தலைப்பெழுத்தான 'கே' அன்று உங்கள் கவுண்டரில் 'கியூ' ஆகிவிட்டது. அடுத்த வாரம் மதுராந்தகத்துக்கு அருகே டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனை விற்பவர் "மிஸ்டர் கியூ" என்று கூப்பிட்டார். நகைச் சீட்டு சேர்க்கும் அம்மாவும் கியூ என்றார். தனிநபர் கடன் தருகிறோம் என்ற பையனும் கியூ என்றான். என் தகப்பனார் பெயரைக் கியூவில் தொடங்கியவர்கள் உலகத்தில் நீங்கள் மட்டும்தான். "சீருடையை மாற்றியது நீங்கள்தானா?" என்று கேட்க மட்டும் இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. எண் தர மறுக்க நான் பழகியது அதற்குப் பிறகுதான்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எழுதியவர்கள் உங்கள் அடித்தளத்துக்கு ஒருமுறை வந்துபோயிருக்க வேண்டும். நியாயமற்ற வணிக நடைமுறைகளை அதன் 2(47)ஆம் பிரிவு அடுக்குகிறது. எட்டாவது, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் கணக்கு. ஒன்பதாவது, நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தை, சட்டம் அனுமதிக்காத வகையில், இன்னொருவரிடம் வெளியிடுவது. சட்டப்புத்தகத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு வரிகள், உங்கள் கடையில் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நிறம் பிடிக்கவில்லை, மச்சான் அதே கரையில் எடுத்துவிட்டார் என்று திருப்ப வந்தால், வாங்கிக்கொள்வது உங்கள் பெருந்தன்மை, அதற்கு நிபந்தனை போடுங்கள். ஒட்டாத வெல்க்ரோவுக்குப் பெருந்தன்மை தேவையில்லை.

2023 மே மாதம், கைபேசி எண் தந்தால்தான் பில் என்று வாடிக்கையாளரை வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு குட்டிக் கதை இருக்கிறது. ஒரு பெண் மருந்துக்கடையில் பொருள் வாங்குகிறார். பணம் கட்டிய ரசீதைக் கைபேசிக்கு அனுப்பச் சொல்லித் தானாகவே எண்ணைத் தருகிறார். ரசீது அனுப்ப அந்த எண்ணைக் கடை பயன்படுத்தலாம். கதை அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு மதுராந்தகத்தில் மனை விற்பதாகக் கதையில் வரவில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 22இல் தமிழும் உண்டு. உங்கள் படிவத்தில் எந்த மொழியிலும் அப்படியொரு அறிவிப்பு இல்லை. தமிழ் இருந்தது பில்லின் பின்பக்கத்தில் மட்டும்: "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது."

அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். கடைகள் தங்களைத் திருத்திக்கொள்ளத் தந்த அவகாசம் என்று நினைத்தேன். உங்கள் படிவத்தைப் பார்த்த பிறகுதான், அறுவடைக்குத் தந்த அவகாசம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டது புரிந்தது.

சேர்த்துவைத்த விவரங்கள் பத்திரமாக இருக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னார். 2021இல் டோமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர்களின் விவரங்கள் இணையத்தில் கசிந்ததாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். பீட்சாக்காரருக்காவது முகவரி தேவை. வீடு தெரியாமல் எப்படிக் கொண்டுவருவார்? இந்த வேட்டியை இரண்டு தடவையும் சுமந்தது நான். உங்களுக்கு என் வீடு எதற்கு?

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பந்தியில் வேட்டி கழன்றவனுக்கு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து 745 ரூபாயை ரொக்கமாகத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பணத்துக்குப் பதிலாகக் கிரெடிட் நோட் வேண்டாம். அதைச் செலவழிக்க இன்னொரு ஓடிபி கேட்பீர்கள். மிஸ்டர் கியூவின் எண், முகவரி, இடுப்பளவு அனைத்தையும் உங்கள் கணினியிலிருந்து அழித்துவிடவும். திரையைக் கவுண்டர் பக்கம் திருப்பி வைக்கவும். நாற்காலியிலிருந்து படிவங்களை எடுத்துவிட்டு அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லவும். யார் வாங்கியது என்றே தெரியாமல் வேட்டியை விற்க முடிந்த உங்களால், அதேபோலத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும்.

இப்படிக்கு,
மேசையில் இருக்கும் பில்லுக்குச் சொந்தக்காரன்

பி.கு.: இதே வரிசையில் நிற்பவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கேயும் உங்கள் எண்ணைக் கேட்பார்கள். புகார் என்னவாயிற்று என்று உங்களுக்குச் சொல்ல அது வேண்டும், தயங்காமல் கொடுங்கள்.