பின்புறமே முதல்: சைக்கிள்கார்ட் கட்டுமானம் குறித்து ஒரு விசாரணை

சைக்கிள்கார்ட் என்பது 1920, 30களின் பந்தயக் கார்களை நினைவூட்டும் தோற்றத்தில், தண்ணீர் பம்பையும் ஜெனரேட்டரையும் இயக்கும் வகைச் சிறு எஞ்சினைப் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி ஓட்டும் வண்டி. அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியாவின் ஸ்டீவன்சன் குடும்பத்தார் 1990களில் இதற்கு இலக்கணம் வகுத்தனர்: ஏறத்தாழ 250 பவுண்டு எடை, 17 அங்குல மோட்டார் சைக்கிள் ரிம், ஹோண்டா ஜிஎக்ஸ்200 எஞ்சின். இலக்கணம் பிறந்தால் உரையாசிரியர்கள் பிறப்பதும், பிறந்தவர்கள் முதல் சூத்திரத்திலேயே முட்டிக்கொள்வதும் உலக வழக்கம். இங்கே முட்டல், எதிலிருந்து தொடங்குவது என்பதில். எஞ்சினே முதல் என்பார் ஒரு சாரார். சக்கரமே முதல் என்பார் மற்றொரு சாரார். ரேடியேட்டர் முகப்பே முதல் என்பாரும் உளர். இம்மூன்றும் பூர்வபட்சம். கட்டுபவரின் பின்புறமே முதல் என்பது நம் சித்தாந்தம். சபையில் சொல்லக் கூசும் உறுப்பு என்பதற்காக ஆய்வு அதைத் தாண்டிப் போக முடியாது.

முதற்சான்று எடை. 250 பவுண்டு என்பது 113 கிலோ. அதில் எஞ்சினின் பங்கு 16 கிலோதான். 75 கிலோ ஆள் ஒருவர் ஏறி அமர்ந்தால் மொத்தம் 188 கிலோ ஆகிறது. ஐந்தில் இரண்டு பங்கு அவரே. ஆகவே வண்டியின் உறுப்புகளில் ஆகப் பெரியது ஓட்டுநர் என்பது பெறப்படும். மேலும், அறுக்கவோ தேய்க்கவோ கடையில் மாற்றி வாங்கவோ இயலாத ஒரே உறுப்பும் அவர்தான். எட்டோரே புகாட்டி 1920களில் தம் இளைய மகன் ரோலாண்டுக்காகத் தம் டைப் 35 காரைப் பாதி அளவில், மின்சாரத்தில் ஓடும்படி செய்தார். அது அழகாக அமைந்ததில் வியப்பில்லை. கார் பாதி, ஓட்டுநரும் பாதி. சைக்கிள்கார்ட் கட்டுபவருக்கு அந்த வசதி கிடையாது. கார் சுருங்குகிறது, ஆள் சுருங்க மறுக்கிறார். முழுக் காரிலும் இருக்கையின் ஆட்சி சாமானியமானதன்று. கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓட்டுநருடன் மெக்கானிக் ஒருவரும் செல்லும் வழக்கம் 1925இல் விலக்கப்பட்டது. ஆனால் அந்த ஆண்டு விதி இரண்டு இருக்கைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆள் இறங்கிய பிறகும், அவர் உட்கார்ந்த அகலத்தைச் சுமந்துகொண்டு கார்கள் ஓடின. இல்லாத பின்புறமே ஒரு காரின் வடிவை நிர்ணயிக்கும் என்றால், இருக்கிற பின்புறத்தைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

இரண்டாம் சான்று ஸ்டியரிங்கில் உள்ளது. இதுவே நம் வாதத்தின் உயிர்நிலை. வளைவில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்ப வேண்டும். குதிரை வண்டிக்காக 1817இல் லாங்கென்ஸ்பெர்கர் என்னும் ஜெர்மானியர் கண்ட இந்த ஏற்பாட்டுக்கு மறு ஆண்டு லண்டனில் காப்புரிமை பெற்றவர் அக்கர்மன். உழைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு. அதன் நடைமுறை எளிது. முன்சக்கரத் திருப்புகைகள் இரண்டையும் சற்று உள்நோக்கிச் சாய்த்து, அவற்றின் நேர்கோடுகள் பின் அச்சின் நடுவில் சந்திக்கும்படி வெல்டிங் செய்ய வேண்டும். அப்படியானால் பின் அச்சு எங்கே என்பது முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டும். அது முன் அச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பெடல் இருக்கும் இடம் சொல்லும்; பெடலின் இடத்தைக் கால் நீளம் சொல்லும்; கால் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. இந்தச் சங்கிலியில் நடுவே நுழைந்து தொடங்கியவர், பிறகு முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று இருக்கையைப் பின்னே தள்ளுவார்; இருக்கை எஞ்சினில் முட்டும்; எஞ்சினோடு அச்சையும் தள்ளுவார்; கோடுகள் சந்திக்கும் இடம் தவறிப்போகும்; வளைவுதோறும் முன் டயர்கள் தரையைத் தேய்த்துக்கொண்டு முனகும்.

இனி மறுப்புகள். எஞ்சின் இல்லாமல் வண்டி ஏது என்று கேட்பது நியாயமே. ஆனால் எஞ்சினில் நாம் தீர்மானிக்க என்ன இருக்கிறது? தொழிற்சாலை அமைத்தபடி அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3600 சுற்று சுற்றும். செயினும் ஸ்பிராக்கெட்டும் அதை ஆறில் ஒன்றாகக் குறைத்தால் சக்கரம் 600 சுற்று. 22 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு சுற்றில் 1.75 மீட்டர் போகும். மணிக்கு 63 கிலோமீட்டர். கணக்கு முடிந்தது. நான்கு போல்ட் துளையிட்டு எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். சக்கரவாதிகளின் கட்சி இதைவிட வலுவானது, அவர்களுக்குத் தனி மரியாதை உண்டு. மெல்லிய, உயரமான, கம்பிச் சக்கரம்தான் பழைய காரின் முகவெட்டைத் தருகிறது, அதில் ஐயமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் வளைவில் சாய்வதால், பாரம் சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. நான்கு சக்கர வண்டி அப்படிச் சாய்வதில்லை. ஸ்போக்குகளைப் பக்கவாட்டில் நெருக்குகிறது. போதாக்குறைக்கு, பைக்கில் இருபுறமும் தாங்கப்பட்ட அச்சு இங்கே ஒரு பக்கம் மட்டுமே பிடிக்கப்பட்டுத் தொங்குகிறது. பைக்கின் அச்சைவிடத் தடித்த அச்சு வேண்டும். வளைவில் அந்த நெருக்கல் வெளிப்பக்கச் சக்கரங்களில் எவ்வளவு ஏறும்? ஆள் எவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சக்கரவாதிகள் சுற்றிச் சுற்றி நம் கட்சிக்கே வந்து சேர்கிறார்கள். முகப்புவாதிகளுக்கு ஒரு வரி போதும்: அதை அட்டையில் வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்து ஊக்கம் பெறலாம்.

உடம்பு நிலையானதன்று, இன்று அளந்தது பொங்கலுக்குப் பின் பொருந்தாது என்றொரு நுட்பமான மறுப்பும் எழக்கூடும். அகலம் மாறும், கால் நீளம் மாறாது என்பது விடை. அகலத்துக்கு இருபுறமும் இரண்டு விரற்கடை விட்டால் தீர்ந்தது. எனவே முறை இது. தரையில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, முழங்கால் சற்றே மடங்கும்படி காலை நீட்டி உட்கார வேண்டும். இடுப்பைச் சுற்றியும் குதிகால் ஊன்றும் இடத்திலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். ஸ்டியரிங்குக்கு ஒரு துடைப்பக் கட்டையைப் பிடித்துக் கை நீளம் பார்க்கலாம். பிறகு அச்சுகள், சட்டம், பின் அச்சின் பிரேக் எல்லாவற்றையும் அதே பலகையில் முழு அளவில் வரைய வேண்டும்; பிரேக்குக்கு இடம் ஒதுக்கிய பிறகே எஞ்சினுக்கு. தன் பின்புறத்தைச் சுற்றித் தானே நேராகக் கோடு போட ஒருவராலும் ஆகாது. வீட்டில் சிரிக்காமல் போட்டுத் தரக்கூடிய ஒருவரை முதலில் தேடிக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு எஞ்சினை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைப் பெட்டியோடு குதிகாலுக்கு எதிரே வைத்துக்கொள்ளலாம். பெடல் வரும்வரை காலை உதைத்து ஊன்ற 16 கிலோ போதும்.