ஒன்பதாம் திணை: புதுக்கார் இலக்கணம்

தொல்காப்பியர் அகத்திணையைக் கைக்கிளை முதல் பெருந்திணை வரை ஏழாக வகுத்துவிட்டுப் போனார். அவர் காலத்தில் இஎம்ஐ இல்லை. ஆகவே ஷோரூமை விட்டுக் கார் கிளம்பிய நொடி தொட்டு, அது வீட்டாருக்கு வெறும் 'வண்டி' ஆகும் நாள் வரை நீளும் ஒழுக்கத்துக்கு அவர் நூலில் இடமில்லாமல் போயிற்று. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு.

வரிசைப்படி இதை எட்டாம் திணை என்றே அழைக்க வேண்டும். ஆனால் இத்திணைக்குரிய மாந்தர் எட்டைத் தொடமாட்டார்கள்; எட்டு சனிக்குரியது. பதிவு எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, கூட்டி வந்ததை மறுபடியும் கூட்டி, எட்டு என்று முடிந்தால் வேறு எண்ணுக்குத் தனியே பணம் கட்டவும் தயங்கார். 1 முதல் 9999 வரை இப்படி எட்டில் போய் முடியும் எண்கள் சரியாக 1,111. அவை யார் தலையில் விழுகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது. நாம் மரபை மதித்து ஓர் எண்ணைத் தாண்டினோம்.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், கார் நிறுத்துமிடம். சங்கப் புலவருக்கு நானிலமும் பாலையும் இருந்தன. அடுக்குமாடிக்காரருக்கு இருப்பது ஓரிடம், அதிலும் பாதியைத் தூண் பிடித்திருக்கும். பெரும்பொழுதில் ஆடியும் மார்கழியும் விலக்கு, ஆயுத பூஜை சிறப்பு. சிறுபொழுதில் ராகுகாலம் விலக்கு. வெள்ளிக்கிழமை டெலிவரி எடுப்பவர் பத்தரைக்குள் சாவியை வாங்கிவிட வேண்டும். தவறினால் பன்னிரண்டு வரை ஷோரூம் காபியைக் குடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் காபி எமகண்டத்தில் போட்டது.

கருப்பொருளுள் முதலாவது தெய்வம். சென்னைக்கு இதில் ஐயமே இல்லை. சென்ட்ரலுக்கு அருகே பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் இருக்கிறார்; புத்தம்புது வண்டிகள் மாலையும் சந்தனமுமாக அவர் முன் வரிசை கட்டும். பிற ஊர்களில் முச்சந்திப் பிள்ளையாரே பார்த்துக்கொள்வார்.

அடுத்தது உணா. இத்திணையின் உணவாகிய எலுமிச்சம்பழத்தை உண்பது டயர். சக்கரத்துக்கு ஒன்று வீதம் நான்கு பழம். ஒரு டன் எடைக்கு அவை எந்த எதிர்ப்பும் காட்டுவதில்லை. எனினும் இச்சடங்கை எளிதென்று எண்ணற்க. 2025 செப்டம்பரில் டெல்லியில் ஒருவர், முதல் மாடி ஷோரூமிலேயே எலுமிச்சை நசுக்கப் போய், ஆக்சிலரேட்டரை அழுத்திவிட, கார் கண்ணாடியை உடைத்துக்கொண்டு தெருவில் வந்து விழுந்தது. உயிருக்கு ஒன்றும் நேரவில்லை, பழம் நசுங்கியிருக்கும். 'தரைத்தளத்தில், ஆக்சிலரேட்டர் தொடாது, கிளட்சை மெல்ல விட்டு நசுக்குக' என்றொரு நூற்பா செய்வது அவசரத் தேவை.

மா என்பன பூனையும் நாயும் எலியும். பூனைக்குச் சூடான பானட் பிடிக்கும். நாய்க்குப் புது டயர் பிடிக்கும். எலிக்கு ஒயர் பிடிக்கும், அதற்குப் பானட்டுக்குள் புகையிலை வைப்பது வழக்கு. புள் என்பன காகமும் புறாவும். அவற்றின் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் வெயிலில் காய்ந்தால் பெயிண்டின் மேற்பூச்சை அரித்துத் தழும்பாக்கும். ஆகவே மர நிழல் வேண்டாம் என்பர் ஒருசாரார். வெயிலில் நின்றால் நிறம் போகும் என்பர் மறுசாரார். தென்னையடியில் நிறுத்தலாகாது என்பதில் மட்டும் இரு சாராரும் ஒன்றுபடுவர்.

பறைக்கு அரசாணையே உண்டு. 2019 ஜூலை முதல் புதுக்கார்களில் வேக எச்சரிக்கை ஒலி கட்டாயம். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். ரிவர்ஸ் சென்சாரின் பீப் ஒலியும் இதில் அடங்கும். யாழ், புளூடூத். நாற்கவிராச நம்பி கருப்பொருளைப் பதினான்காக விரித்து, உயர்ந்தோர், அல்லோர் என்றும் பிரிப்பார். இங்கே உயர்ந்தோர் முன்சீட்டில் அமர்த்தப்பட்ட மாமனார். அல்லோர், 'காலைத் தட்டிட்டு ஏறுப்பா' என்று சொல்லப்பட்டவர்.

இனி உரிப்பொருள். அது காத்தலும் காத்தல் நிமித்தமும் என்க.

எதைக் காத்தல் என்ற வினாவில்தான் இவ்வாய்வு சிக்கிக்கொண்டது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் காக்கிறார்கள். கதவோரத்து நீலநிறப் பஞ்சுத் துண்டைக் காக்கிறார்கள். புதுக்கார் வாசனையைக் கூடக் காக்கிறார்கள். அது பிளாஸ்டிக், பசை, ஃபோம் ஆகியவற்றிலிருந்து ஆவியாகும் வேதிப்பொருள்களின் வாசனை. வெயிலில் நின்ற காரில் இன்னும் கூடும். கண்ணாடியை இறக்கிக் காற்றாட விடுவதே நல்லது. ஆனால் வாசனை போய்விடுமாம், ஏற்றியே வைத்திருக்கிறார்கள்.

உண்மையில் பாதுகாப்பு கேட்பது எஞ்சின். சிலிண்டரின் உட்சுவரில் நுண்ணிய குறுக்குக் கோடுகள் தொழிற்சாலையிலேயே கீறப்பட்டிருக்கும். எண்ணெய் அவற்றில் தங்கும். பிஸ்டன் வளையங்கள் மேலும் கீழும் உரசி, அக்கோடுகளின் முகடுகளைத் தேய்த்து, சுவரோடு இழைந்து உட்கார வேண்டும். எரிந்த வாயு வளையத்தின் பின்புறம் புகுந்து சுவரோடு அழுத்துவதால்தான் அது நடக்கிறது. எனவேதான் முதல் 1,000 கிலோமீட்டர் வரையாவது எஞ்சினை முறுக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, வேறு வண்டியைக் கட்டி இழுக்காதே என்கிறது கையேடு. கையேடு டேஷ்போர்டு அறைக்குள் இருக்கிறது, அதுவும் பிளாஸ்டிக் உறையோடு.

இங்கு இரு மதங்கள் உள. பெரியப்பா மதம், 'ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதைத் தாண்டாதே தம்பி' என்பது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் எழுந்த அறம் இது. எப்போதும் உருட்டிக்கொண்டே போனால் வளையத்துக்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காது. ஆதலால் முழுதும் கொள்ளத்தக்கதன்று. மருமகன் மதம், 'இப்ப வர்ற வண்டிக்கு ரன்னிங்-இன்னே கிடையாது மாமா' என்பது. கடைசல் துல்லியமும் எண்ணெயின் தரமும் கூடியது மெய்யே. ஆயினும் பிரேக் பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும். டயரின் வழவழப்பு போகச் சில நூறு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஆதலால் இதுவும் தள்ளத்தக்கது.

நடைமுறை இவ்விரண்டையும் சாராது. பூஜை முடிந்த கையோடு, ஐந்து பேர் காரில் ஏழு பேர் ஏறி, ஏசியை முழுதாக வைத்து, ஜிஎஸ்டி சாலையில் நூறிலேயே நிறுத்திச் சமயபுரத்துக்கு விடுகிறார்கள். பறை முழங்கிக்கொண்டே வருகிறது. வேறு வண்டியைக் கட்டி இழுப்பது நீங்கலாக, கையேடு விலக்கிய யாவும் ஒரே பயணத்தில் நிறைவேறுகின்றன. வழியில் டீக்கடையில் இறங்கும் தலைவன், பானட்டில் அப்பிய பூச்சியைக் கண்டு பதறி, வேட்டி நுனியால் துடைக்கிறான். புழுதியோடு சேர்த்து உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். திணையின் முதல் கீறல் பெரும்பாலும் காத்தல் நிமித்தமாகவே விழுகிறது.

இத்திணை எப்போது முடிகிறது? முதல் சர்வீஸோடு என்பர் கம்பெனியார். முதல் கீறலோடு என்பர் அனுபவஸ்தர். ஆனால் கீறலுக்குப் பின்னும் ஆறுமாதம் பிளாஸ்டிக் உறையோடு ஓடிய கார்கள் உண்டாதலின் அது பொருந்தாது. வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயம்பேடு போய், சாம்பார் வெங்காய மூட்டையை டிக்கியில் இடமில்லை என்று பின்சீட்டில் போடும் நாளே எல்லை என்பது எம் துணிபு. வெங்காயத்தை ஆட்டோவில் ஏற்றிவிட்டுக் காரில் பின்தொடர்வாரும் உளராலோ எனின், அவர் இன்னும் இத்திணையிலேயே உள்ளார் என்க.