அம்மா ஒட்டிய பெட்டி, நான் கட்டிய பொட்டலம்

2012-இல் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. எட்டயபுரத்து வீட்டில் அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். எதிரே நான் டெபியன் லினக்ஸுக்காக ஒரு சின்ன மென்பொருளைப் பேக்கேஜ் ஆக்கிக்கொண்டிருப்பேன். அந்த மென்பொருளை எழுதியவர் புதுப் பதிப்பு விட்டிருக்கிறாரா என்று வாரம் ஒருதரம் அவருடைய தளத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வந்திருந்தால் பிரவுசிங் சென்டரில் இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்து, பேட்ச்களைப் பொருத்தி பில்டுக்குப் போடுவேன். பாதியில் கரண்ட் போய்விடும்.

"ஏல, கரண்ட் வந்துட்டு" என்று அம்மா குரல் கொடுத்ததும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

ஒருநாள் பசை காயாத விரலோடு திரையை எட்டிப் பார்த்தவள், "நீயும் பெட்டிதானல ஒட்டுத?" என்றாள். அந்தக் கேள்வியில் எனக்கு இன்றுவரை பெருமை.

அந்த நாட்களில் என் கம்ப்யூட்டரில் சுத்தமாக பில்டு ஆன பேக்கேஜ் ஒன்று வேறு யாரிடமும் ஆகவில்லை. என்றோ நான் போட்டுவைத்த லைப்ரரி ஒன்று என்னிடம் இருந்தது. தேவைப் பட்டியலில் அதை எழுத மறந்திருந்தேன். டெபியனின் பில்டு இயந்திரங்கள் இந்தத் தப்பை உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு முறையும் வெறும் அறையில் தொடங்கி, பட்டியலில் உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுபவை அவை. பராமரிப்பவர் தம் வீட்டில் கட்டிய பைனரி 'டெஸ்டிங்' கிளைக்குள் போகக்கூடாது என்று 2019-இல் டெபியன் முடிவெடுத்தபோது, எனக்கு அது நியாயமாகவே பட்டது.

இப்போது புதுப் பதிப்பை 'யூஸ்கேன்' என்ற கருவி கண்டுபிடிக்கிறது. நான் மூலத்தை மட்டும் ஏற்றினால் போதும். இன்டெல், ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்று ஒவ்வொரு வகைக்கும் பில்டு இயந்திரங்கள் கட்டிவிடுகின்றன. சோதனைகளும் தாமாக ஓடுகின்றன. நிக்ஸ் பேக்கேஜ் தொகுப்பிலோ, பதிப்பு எண்ணை மாற்றி, கட்டிப் பார்த்து, மாற்றத்தை முன்வைப்பதுவரை ஒரு பாட் செய்கிறது. கரண்டுக்குக் காத்திருந்த ராத்திரிகளை நினைத்தால், கைகூப்பத் தோன்றுகிறது.

ஆனால் 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரம் வெடித்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒளிந்திருந்த பின்வாசலை இயந்திரங்கள் பழுதில்லாமல் கட்டி டெபியனின் சோதனைக் கிளைகள்வரை கொண்டுபோயிருந்தன. அதை உயிர்ப்பிக்கும் வரிகள் மூலநிரல் இருக்கும் கிட் (Git) களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக் கோப்பில் மட்டும் இருந்தன. எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒருவர்தான் கண்டுபிடித்தார்.

அம்மா ஒட்டிய ஒவ்வொரு பெட்டியிலும் உள்பெட்டியை ஒருதரம் தள்ளி இழுத்துப் பார்ப்பாள். போன மாதம் எனக்கு ஒரு புதுப் பதிப்பு வந்தது. சோதனை எல்லாம் பச்சை. வெளியீட்டுக் கோப்பையும் கிட்டையும் வரிவரியாக ஒப்பிட்டேன். கிட்டில் இல்லாத ஒரு கோப்பு இருந்தது. எழுதியவரிடம் கேட்டு மெயில் போட்டேன். ஆவணம் தயாரிக்கும் கருவி உருவாக்கியது என்று, எப்படி உருவாகிறது என்ற கட்டளையோடு பதில் வந்தது. அந்தக் கட்டளையை நானே ஓட்டி, அதே கோப்பு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் ஏற்றினேன்.